எவாந்த்ரோவின் கடைசிச் சண்டை

காதைத்தானுங்க பாக்கறீங்க? நல்லாவே பாருங்க, எனக்கொண்ணும் வருத்தமில்லை. போன்ல கத்துனதுக்கு மன்னிச்சுக்கோங்க. உங்களை இல்லீங்ணா. சென்னையில இருந்து ஒருத்தன் கூப்பிட்டான், அவனைக் கத்துனேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துருச்சு, பாக்கட்டும். காந்திபுரத்துல ஏறுனதுல இருந்து மூணு தடவை கூப்பிட்டுட்டான். மூணாவது தடவை பொறுக்க முடியலை.

காது இப்படி ஆனது என்ற தொழில்ல. பொறவிக் கோளாறு இல்லை. மல்லுக்கட்டறவனுக்குக் காது மெத்தையில உரசி, எதிராளி தோள்ல உரசி, உள்ள ரத்தம் கட்டி அப்படியே கெட்டியாயிரும். பொண்ணு பாக்கப் போனப்ப ஜாதகத்தை ஓரமா வெச்சுட்டு ஒரு மணி நேரம் என்ற காதைப் பத்தித்தான் பேசுனாங்க.

தொழில் என்னன்னா, சண்டைங்க. தெருச் சண்டை இல்லை. கூண்டுக்குள்ள ரெண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்திருவாங்க. குத்தலாம், உதைக்கலாம், கீழ தள்ளலாம், கை காலை முறுக்கலாம், கழுத்தை இறுக்கலாம். எம்.எம்.ஏ.ன்னு பேரு. நான் ஃபெதர்வெயிட். சண்டைக்கு முத நாள் தராசுல நிக்கறப்ப அறுபத்தஞ்சு கிலோ எண்ணூறு கிராமுக்கு மேல ஒரு சொட்டு இருக்கக்கூடாது. பேரு பூபதி. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கேள்விப்பட்டவங்களும் பூபதின்னு கேள்விப்பட்டதில்லை. "எவாந்த்ரோவோட கடைசிச் சண்டையில இருந்தவர்தானே நீங்க"ன்னுதான் கேப்பாங்க. இருந்தவராம். கல்யாண போட்டோவுல ஓரமா நிக்கற ஒறம்பரை மாதிரி, இருந்தவராம். அந்தச் சண்டையில ஜெயிச்சது யாருங்க? நான். பேப்பர்ல பாருங்க, இணையத்துல பாருங்க, எங்க வேணாலும் பாருங்க. மூணாவது ரவுண்டு, ரெண்டு நிமிசம் நாப்பத்தொண்ணு செகண்டு, பூபதி வெற்றின்னு இருக்கும்.

போன்ல கூப்பிட்டவன் யூட்யூப்புல ஏதோ சேனல் நடத்தறானாம். எவாந்த்ரோ ஓய்வு எடுத்து அஞ்சு வருசம் ஆச்சாம், அதைக் கொண்டாடணுமாம். அவன் பிரேசில்ல இருந்து வீடியோவுல வருவானாம், நான் கோயமுத்தூர்ல இருந்து வரணுமாம், ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசணுமாம். தோத்தவனோட ஓய்வை ஜெயிச்சவன் கொண்டாடணுமாம். உங்க ஊர்ல இப்படி நடக்குமுங்களா?

எனக்கு அந்தாளைப் புடிக்காதுங்க. அதை முதல்லயே சொல்லீர்றேன்.

மனாஸ்னு ஒரு ஊரு, அமேசான் ஆத்தோரம். அங்க மீன் எறங்கற படகுத்துறையில ஐஸ் கட்டி சுமந்தவன். பத்தொம்பது வயசுல முத சண்டை. ஒரு பள்ளிக்கூடத்து பேஸ்கெட்பால் கிரவுண்டுல லாரித் தார்ப்பாயை விரிச்சு, சுத்திலும் கம்பி வலை கட்டி நடத்துனாங்க. நாப்பத்தோரு செகண்டு. கழுத்தை அக்குளுக்குள்ள வாங்கி இறுக்கி முடிச்சுட்டான். அதுல இருந்து வரிசையா பதினோரு சண்டை, ஒண்ணுகூடத் தோக்கலை. எட்டாவது சண்டைதான் கொஞ்சம் இழுத்துச்சு, ரெண்டாவது ரவுண்டு கடைசி வரைக்கும் போச்சு. அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல். எப்படி இவ்வளவு தெரியும்னு பாக்கறீங்களா? எதிராளியைப் பத்தித் தெரிஞ்சு வெச்சுக்கணுமில்லீங்களா, தொழில்.

இல்லைங்க, அவனோட மோதப் போறேன்னு அப்பத் தெரியாது. அப்ப எனக்குப் பதினேழு வயசு. புளியம்பட்டியில எங்கப்பாவுக்கு ஆறு தறி. ஸ்கூல் விட்டு வந்தா தறிக்குடோன்லதான் கெடப்பேன். செல்போன்ல அவன் பழைய சண்டையெல்லாம் போட்டுப் பாப்பேன். தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, பாக்க மட்டுந்தான் முடியும். அதனாலயோ என்னவோ அவன் கை எங்க போகுது, இடுப்பு எங்க திரும்புதுன்னு எல்லாம் கண்ணுல நின்னுருச்சு. நூல் மூட்டையைக் கட்டிப் புடிச்சு அதே புடியைப் போட்டுப் பழகுனேன். மண்டை ரெண்டு பக்கமும் அவனை மாதிரியே வழிச்சு விட்டிருந்தேன். அப்ப ஊர்ல எல்லாருந்தான் அப்படி வெட்டுனாங்க.

பன்னெண்டாவது சண்டைதான் அவன் முத முத தோத்தது. எப்படித் தோத்தான்னு கேட்டா நீங்களே சிரிப்பீங்க. இவன் எதிராளி கழுத்தை இறுக்கீட்டான், ரெஃப்ரி வந்து நிறுத்தீட்டாரு, சனம் கத்துது, ஜெயிச்சுட்டான்னு இவன் கையைத் தூக்கப் போறாங்க. இவன் ரெஃப்ரிகிட்டப் போய், எதிராளி தோல்வியை ஒத்துக்கலீங்க, அவன் கை வழுக்கி என்மேல பட்டுச்சு, நீங்க தப்பா நெனச்சுட்டீங்கன்னு சொல்றான். மறுபடி ஆட விட்டாங்க. அடுத்த ரவுண்டுல அதே எதிராளி இவனைக் குத்திச் சாச்சுட்டான். வாயை மூடிட்டு நின்னிருந்தா பன்னெண்டும் வெற்றி. எவனாவது இப்படிப் பண்ணுவானுங்களா? கிறுக்கன்.

இருபத்தேழு வயசுல அமெரிக்காவுல பட்டத்துக்குச் சண்டை. அஞ்சு ரவுண்டு. ரெண்டாவது ரவுண்டுல இடது கை எலும்பு ஒடஞ்சு போச்சு. மூலையில நின்ன அவன் மாஸ்டர்கிட்டக்கூடச் சொல்லலை. மீதி மூணு ரவுண்டும் ஒத்தக் கையில நின்னான். மார்க் போடற மூணு பேர்ல ரெண்டு பேரு எதிராளிக்குப் போட்டுட்டானுக. நாலாவது ரவுண்டு யாருதுங்க? அவனுது. கண்ணு தெரியற எவனும் அவனுதுன்னுதான் சொல்வான். நான் அந்த ரவுண்டை மட்டும் நூறு தடவைக்கு மேல பாத்திருக்கறேன். ஒரு மனுசன் வாழ்க்கையில ஒரே தடவை அந்தப் படியில கால் வெக்கறான், அதையும் தட்டி விட்டுட்டானுக, கம்மனாட்டிங்க. நான் அந்தாளுக்காகச் சொல்லலீங்க, நியாயத்துக்குச் சொல்றேன்.

அப்பறம் எறக்கந்தான். முழங்கால்ல ரெண்டு தடவை ஆபரேசன். வரிசையா மூணு தோல்வி. சண்டை நடத்தற அமெரிக்காக் கம்பெனிக்காரன், இனி வேண்டான்னு ஒரு கடுதாசியில தாட்டி விட்டுட்டான். ஜப்பானுக்குப் போனான், கசகஸ்தான் போனான், பஹ்ரைன் போனான். கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் போய் நின்னான். முப்பத்தெட்டு வயசுல துபாய்ல ஒரு சண்டைக்கு ஒத்துக்கிட்டான். எதிராளி வரமுடியாதுன்னு ஒதுங்கிக்க, அந்த எடத்துக்கு என்னைக் கேட்டாங்க.

எனக்கு அப்ப இருபத்தஞ்சு. ஒம்பது சண்டையில ஏழு ஜெயிச்சிருந்தேன். கணபதியில தாமோதரன் மாஸ்டர்னு, மிலிட்டரியில ஜூடோ ஆடுனவரு, அவருகிட்டத்தான் எட்டு வருசமா இருந்தேன். அவரு வேண்டான்னாரு. முழங்கால் போன மனுசன், ஜெயிச்சாலும் உனக்குப் பேரில்லை, தோத்தாலும் பேரில்லைன்னாரு. நான் கேக்கலை. எட்டு வருசத்துல அவரு பேச்சை மீறுனது அந்த ஒரு தடவைதான். அவனோட ஒரே கூண்டுக்குள்ள நிக்கணும்னு எனக்கு... ஒரு பேரு வேணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்.

முத நாள் எடை பாத்தாங்க. எடையைக் கொறைக்க ரெண்டு நாளாப் பச்சத்தண்ணி பல்லுல படலை. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கெடக்குது. தராசை விட்டு எறங்குனதும் செவுத்தைப் புடிச்சுட்டு நிக்கறேன். அவன் வந்தான். கையில ஒரு எளநி டப்பா. பாதி குடிச்சிருந்தான், மீதியை எங்கிட்ட நீட்டறான். அவனும் ரெண்டு நாளாக் காஞ்சு கெடந்தவன்தான். நான் வாங்கிக் குடிச்சேன். குடிக்காம என்ன பண்றது, உசுரு போகுது. கூட வந்த ஆளு மூலமா இங்கிலீசுல ஒண்ணு சொன்னான். நீ இடது கையை நீட்டிக் குத்தறப்ப உன் தாடை மேல ஏறுது, நாளைக்குப் பாத்துக்கோன்னு.

நாளைக்கு மோதப்போற எதிராளிங்க. என்ற தப்பை எனக்கே சொல்லித் தர்றான். மாஸ்டர், நல்ல மனுசன்டா பூபதின்னாரு. நான் என்ன அவன் சிஷ்யனா? அவன் மாஸ்டரா? எவன் கேட்டான்? மறு நாள் முத ரவுண்டுல அந்தத் தாடையில மூணு தடவை வாங்குனேன்.

முத ரவுண்டு அவனுது, ஒத்துக்கறேன். கீழ தள்ளி மேல ஏறி உக்காந்துட்டான். ரெண்டாவது என்னுது. முழங்காலு அவனுக்கு வீங்கிப் போச்சு, நான் உதைச்சேன். அதுல தப்பில்லை, சட்டத்துல எடமிருக்குது.

இப்ப ஒண்ணு சொல்லணும், அது தெரியாம மத்தது புரியாது. தட்டறதுன்னு ஒண்ணு இருக்குது. கழுத்தோ கையோ மாட்டிக்கிச்சு, இனி முடியாதுன்னா, எதிராளி ஒடம்பு மேல கையால ரெண்டு மூணு தட்டு தட்டணும். தோத்துட்டேன்னு அர்த்தம். தட்டுன நொடியில விட்டுரணும். ஜிம்முல அதுதான் முத நாள் பாடம், குத்தறது உதைக்கறதெல்லாம் அப்பறம். ஒரு நாளைக்கு இருபது தடவை தட்டுவோம், இருபது தடவை விடுவோம், அதனாலதான் எல்லாரும் முழுசா வீடு போய்ச் சேர்றோம். கூண்டுக்குள்ள சட்டம் வேற. அங்க தட்டுனதை ரெஃப்ரி பாக்கணும். ரெஃப்ரி வந்து கையை வெச்சு நிறுத்தற வரைக்கும் புடியை விடக்கூடாது. எதிராளியும் ஓயக்கூடாது. எந்நேரமும் உங்களை நீங்களே காப்பாத்திக்கோங்கன்னு ரெஃப்ரி ஒவ்வொரு சண்டைக்கு முன்னாடியும் ரெண்டு பேரையும் நிறுத்தி வெச்சுச் சொல்லுவாரு. இருபது வருசம் ஆடுனவனுக்கு இது தெரியாதுங்களா?

மூணாவது ரவுண்டு, ரெண்டு நிமிசம் ஆகியிருக்கும். நான் அவன் காலைப் புடிக்கக் குனிஞ்சேன். குனிஞ்சிருக்கக்கூடாது. அந்தாளுகிட்டத் தலையைக் குடுத்தா என்ன ஆகும்னு என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லை. குடுத்துட்டேன். கழுத்து அக்குளுக்குள்ள போயிருச்சு. மல்லாக்கச் சாஞ்சு காலால என்ற இடுப்பைப் பூட்டிட்டான். நூல் மூட்டையில நான் போட்டுப் பழகுன அதே புடி. மூச்சு முட்டறதுன்னு நெனப்பீங்க, மூச்சு இல்லீங்க, ரத்தம். மண்டைக்கு ரத்தம் போகாது. கண்ணோரத்துல இருந்து இருட்டீட்டு வரும். சத்தமெல்லாம் தூரமாப் போயிரும். அப்பப் புடி தளந்துச்சு. வயசாயிருச்சில்லீங்களா, கை சோந்து போச்சு அவனுக்கு. தலையை உருவுனேன். மேல இருந்து மூணு குத்து. ரெஃப்ரி நடுவுல விழுந்து நிறுத்தீட்டாரு. அவ்வளவுதானுங்க நடந்தது.

என்னங்க? தட்டறதைப் பத்தி எதுக்கு அவ்வளவு நேரம் சொன்னேன்னா?

அது, அவன் ஆளுக அப்படிக் கெளப்பி விட்டாங்க. அவன் மூலையில நின்ன மூணு பேரும் கூண்டு வெளிம்புல கையால தட்டித் தட்டிக் காட்டிக் கத்துனாங்க. அவங்க பாசை எனக்குத் தெரியாது. ரெஃப்ரி அந்தப் பக்கம் மண்டி போட்டிருந்தாரு. என்ற இடது கை இந்தப் பக்கம், அவன் விலாவுல இருந்துச்சு. எந்தக் கேமராவுலயும் அந்தக் கை இல்லை, நீங்க வேணாப் போட்டுப் பாருங்க, நான் எல்லாத்தையும் பாத்துட்டேன். நெனவு தப்பறப்ப கை புடிமானம் தேடுமில்லீங்களா. பட்டிருக்கும். விலாவுல பட்டுச்சு. ரெண்டு தடவை பட்டுச்சுன்னே வெச்சுக்கோங்க. வேர்வையில வழுக்குது, மறுபடி வெக்கறேன், அது ஒரு தட்டாங்க? மயங்கறவன் கை எங்கெங்க படுதுன்னு அவனுக்கே தெரியுமா?

அவன் புடியை விட்டான். விட்டுட்டு ரெண்டு கையையும் விரிச்சு வெச்சுட்டு, முடிஞ்சுதில்லன்னு கேக்கற மாதிரி ரெஃப்ரியைத் திரும்பிப் பாத்தான். ஜிம்முல விடற மாதிரியே விட்டுட்டான். என்ற தலை தெளியுது, எதிர்ல ஒரு தாடை, மேல தூக்கி, தொறந்து கெடக்குது. நான் என்ன பண்ணட்டும்? எந்திரிச்சு வணக்கம் சொல்லட்டுமா? அடி, ரெஃப்ரி நிறுத்தற வரைக்கும் அடி, அதுதானுங்க சட்டம். சட்டத்துல எழுதியிருக்குது. தப்பு அவனுது. சின்னப் பசங்க பண்ற தப்பை இருபது வருசம் ஆடுனவன் பண்ணுனான்.

எந்திரிச்சதும் அவன் என்ன பண்ணுனான் தெரியுமுங்களா? அவன் ஆளுக கத்தறாங்க, ஒருத்தன் ரெஃப்ரி சட்டையவே புடிக்கப் போறான். இவன் ஒரு கையைக் காட்டி அவங்களைச் சும்மா இருக்கச் சொல்லீட்டு எங்கிட்ட வந்தான். என்ற கழுத்தைத் தொட்டுப் பாத்தான். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. கட்டை விரலைத் தூக்கி, நல்லாருக்கியான்னு கேக்கறான். புருவத்துல இருந்து ரத்தம் ஊத்துது அவனுக்கு, என்ற கழுத்தைப் பாக்கறான்.

அப்பறம் மைக்கை வாங்குனான். போதும், இத்தோட நிறுத்திக்கறேன்னான். எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்குது. இனி ஆடமாட்டேன்னு முடிவு பண்ணுனவன் கையுறையைக் கழட்டிக் கூண்டு நடுவுல வெச்சுட்டு வெறுங்கையோட வெளிய போவான். அவனும் கழட்டுனான். டேப்பை வெட்ட ஆள் வர்றதுக்குள்ள பல்லுல கடிச்சு இழுத்தான். நடு மத்தியில ரெண்டையும் ஜோடியா வெச்சான், வாசல்ல செருப்பு விடற மாதிரி. அவ்வளவு பெரிய ஹால் மொத்தமும் எந்திரிச்சு நின்னுருச்சு. அழுவறாங்க. எங்க தமிழாளுக எரநூறு பேரு வந்திருந்தாங்க, எனக்காக வந்தவங்க, அவங்களும் நின்னு கை தட்டறாங்க. அந்தச் சந்தடியில என்ற கையைத் தூக்குனாங்க. தூக்குனாங்கன்னு எனக்கும் ரெஃப்ரிக்குந்தான் தெரியும். ஜெயிச்சவன் ரெண்டு வார்த்தை பேசறது வழக்கம். நேரமில்லைன்னுட்டாங்க. மறு நாள் எல்லாப் பேப்பர்லயும் அந்தக் கையுறை படந்தான். அதுல பின்னால மங்கலா ரெண்டு காலு தெரியும். அது நான்.

சரி, தொலையுது. அதைக்கூட நான் விட்டுருவேன். அதுக்கு மேல அவன் பண்ணுனதுதான் எனக்கு ஆறலை.

ரெண்டு நாளு இணையத்துல ஒரே ரகளை. தட்டுனான், தட்டலைன்னு. அவன் மேனேஜர் முடிவை மாத்தச் சொல்லி மனு எழுதிக் கொண்டுபோய் நீட்டுனானாம். அவன் கையெழுத்துப் போடலை. அப்பறம் ஒரு பேட்டியில நேராவே கேட்டாங்க, அந்தப் பையன் தட்டுனானான்னு. அவன் சொன்னான், இல்லை, என் கை சோந்து போச்சு, எனக்கு வயசாயிருச்சு, பையன் சுத்தமா ஜெயிச்சான்னு.

சுத்தமா. அந்த வார்த்தையைச் சொன்னானுங்க. கேமராவை நேராப் பாத்துச் சொன்னான். எதிராளி கை வழுக்கிப் பட்டதுன்னு சொல்லி, ஜெயிச்ச சண்டையையே வேண்டான்னு குடுத்தவனுங்க அவன். கை ஒடஞ்சப்பக்கூட மறைச்சானே தவிர, கேட்டவங்ககிட்ட இல்லைன்னு ஒரு தடவை சொன்னதில்லை. அப்படிப்பட்ட வாயில இருந்து ஒரே ஒரு பொய், அது எனக்காக. இல்லை, பொய்யில்லீங்க. பொய்னு சொல்லக்கூடாது. அந்தப் பேச்சு. அந்தப் பேச்சைத்தான் சொல்றேன். அவன் யாருங்க எனக்குப் பிச்சை போட? நான் கேட்டனா?

தாமோதரன் மாஸ்டர் ஒரே ஒரு தடவை கேட்டாரு. துபாய் ஏர்போர்ட்ல, லைன்ல நிக்கறப்ப. "தட்டுனியாடா?" "இல்லீங்க மாஸ்டர்." "சரி." முடிஞ்சு போச்சு. நம்பலைன்னா நம்பலைன்னு சொல்லணுமில்லீங்களா? அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். சரின்னு ஒரு வார்த்தை. அதுக்கப்பறம் என்ற மூலையில வந்து நிக்கறதையே விட்டுட்டாரு. சக்கரைங்க அவருக்கு, அலைய முடியறதில்லை. மத்த பசங்களோட பெங்களூரு, கோவான்னு போயிட்டு வர்றாரு. அது பக்கம்.

அதுக்கப்பறம் நாலு சண்டை ஆடுனேன். மூணு தோல்வி. ஜெயிச்ச ஒண்ணையும் சொல்லீர்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. ஒரு ஹூப்ளிக்காரன். நல்ல பையன், ரயில்வேயில வேலை. அவன் கை எங்கிட்ட மாட்டுச்சு. தட்டுனான். என்ற தொடையில தட்டுனான், படபடன்னு தட்டுனான், நல்லாத் தெரியுது. நான் விடலை. ரெஃப்ரி அந்தப் பக்கம் இருந்து சுத்தி வந்து என்னைப் புடுங்கி எடுத்தாரு, அப்பறந்தான் விட்டேன். அதுக்குள்ள முழங்கையில சத்தம் கேட்டுருச்சு. இன்னிக்கு வரைக்கும் அவனுக்குக் கை முழுசா நீட்ட வராதாம். எனக்கு ஆறு மாசம் ஆடக்கூடாதுன்னு தடை. எதுக்குத் தடை? ரெஃப்ரி நிறுத்தற வரைக்கும் விடக்கூடாதுங்கறது சட்டமா இல்லையா? ஒருத்தன் அதே சட்டத்தை மறந்து விட்டுட்டா அவனுக்கு ஊரே எந்திரிச்சுக் கை தட்டும், இன்னொருத்தன் சட்டப்படி புடிச்சிருந்தா அவனுக்குத் தடை. எந்த ஊரு நியாயம் இது?

இப்ப ஜிம்முல எங்கூடப் புடி போட்டு உருள ஒருத்தனும் வர்றதில்லை. நான் மெத்தையில ஏறுனா ஒருத்தனுக்குத் தண்ணி தவிக்குது, ஒருத்தனுக்குப் போன் வந்துருது. பொறாமைங்க. எவாந்த்ரோவைத் தோக்கடிச்சவன்னு உள்ளுக்குள்ள பயம். நான் தனியாத்தான் பயிற்சி பண்றேன். வீட்டுல கேட்டா, விட்டுட்டு அப்பா தறியைப் பாருங்கங்கறா. பாக்கறேன். அதுக்குத்தான் வாரா வாரம் புளியம்பட்டி போறேன்.

இன்னிக்கு இவன் போன்ல என்ன சொன்னான்னு கேளுங்க. நிகழ்ச்சிக்கு யாரோட பேச ஆசைன்னு எவாந்த்ரோகிட்டக் கேட்டாங்களாம். அமெரிக்காவுல பட்டச் சண்டையில மோதுனவன் பேரைச் சொல்லலையாம், ஜப்பான்காரன் பேரைச் சொல்லலையாம். பூபதின்னானாம். பேரைச் சரியாச் சொன்னானாம். அவன் கழுத்து இப்ப நல்லாருக்கான்னு கேட்டானாம். அதைச் சொல்லீட்டு இந்தச் சென்னைக்காரன் சிரிக்கறான், எவ்வளவு நல்ல மனுசன் பாருங்க பூபதின்னு. அப்பத்தானுங்க கத்துனேன்.

நான் எதுக்குப் போகோணும்? போனா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? யாராவது அதைக் கேப்பாங்க. அவன் சிரிச்சுட்டே, தட்டலை, பையன் சுத்தமா ஜெயிச்சான்னு மறுபடி சொல்லுவான். நான் பக்கத்துல தலையை ஆட்டிட்டு உக்காந்திருக்கணும். முடியாதுங்க. அவன் ஒரே ஒரு தடவை வாயைத் தொறந்து, தட்டுனான்டா அந்த நாய், நான் விட்டேன், விட்டவனை அடிச்சான்னு சொல்லட்டும். சொன்னா இந்த நிமிசம் போறேன். அவன் மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லுவேன். கத்திச் சொல்லுவேன். அப்ப அது சண்டை, அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இது என்னங்க? அடிக்கவும் ஆளில்லை, அடி வாங்கவும் ஆளில்லை. நான் சொல்ல வேண்டிய இல்லையை அவனே சொல்லீட்டுப் போயிட்டான். மாஸ்டர் சரின்னுட்டாரு. எங்கப்பா, வீட்டுல, ஊர்ல, ஒருத்தரும் வாயைத் தொறக்கறதில்லை. கேட்டா என்ன, கொறைஞ்சா போயிருவாங்க?

ஏனுங்க எந்திரிக்கறீங்க? அன்னூரா? வந்துருச்சுங்களா. சித்தெ உக்காருங்ணா. அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கிக்கலாம், திரும்பறதுக்கு நெறையா பஸ் வரும். நீங்க யாரு, நான் யாரு. என்னால உங்களுக்கு ஆக வேண்டியது ஒண்ணுமில்லை, நாளைக்கு என்னைப் பாத்தா நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போகலாம். ஒண்ணே ஒண்ணு. இந்த வழி பூராக் கேட்டுட்டு வந்தீங்க, அதை மட்டும் நீங்களும் கேக்கலை. கேளுங்க. என்ற மூஞ்சியைப் பாத்து, தட்டுனியாடான்னு கேளுங்க. கேட்டுட்டு, நான் பதில் சொல்ற வரைக்கும் எறங்காதீங்க.